தலையில் கட்டும் டோர்ச்: இரவுக் காவலுக்கு எடுக்கலாமா?

பெரும்போக நெல்லில் குடலை வெடித்துக் கதிர் பால் பிடிக்கத் தொடங்கிவிட்டால், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரைப் பக்கம் வட்டைகளில், அதாவது வயல்வெளிகளில், இரவு நித்திரை என்பது கிடையாது. பன்றி இறங்கினால் ஒரு இரவிலேயே அரை ஏக்கரை உழுததுபோல் ஆக்கிவிட்டுப் போய்விடும். அதனால் வெல்லாவெளி, உன்னிச்சை, கரடியனாறு என்று எந்தப் பக்கம் போனாலும் பரணில் யாராவது ஒருவர் விழித்திருப்பார், சில இடங்களில் அனுமதிப்பத்திரம் உள்ள துவக்கும் அவர் மடியில் இருக்கும். எங்கள் வட்டையில் துவக்கு மாமாவுடையது, பக்கத்தில் இருந்து லைட் அடிப்பது என் வேலை. இந்தப் போகம் கைடோர்ச்சை விட்டுவிட்டுத் தலையில் கட்டும் டோர்ச் ஒன்று வாங்கினோம். துவக்கோடு காவலிருக்கிறவர்கள் இதை வாங்கலாமா என்று கேட்டால், வாங்குங்கள் என்பதுதான் என் பதில், ஆனால் அதற்கு முதல் காரணம் வெளிச்சத்தின் அளவு அல்ல.

முதலில் சாமானைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மட்டக்களப்பு டவுனில் மின்சாதனங்கள் விற்கிற கடைகளில் தொங்குகிற சாதாரண சீனத் தயாரிப்புத்தான். முன்னால் ஒரு பெரிய வில்லை, அதை முன்னுக்குத் தள்ளினால் ஒளி குவியும், பின்னுக்கு இழுத்தால் விரியும். தலைக்குப் பின்பக்கம் பற்றரிப் பெட்டி, அதன் முதுகில் சின்னதாக ஒரு சிவப்பு லைட். டைப் சி வயரில் சார்ஜ் ஏறும், அதனால் மோட்டார் சைக்கிளில் சார்ஜர் பூட்டி வைத்திருக்கிறவர்கள் வாடியிலேயே ஏற்றிக்கொள்ளலாம். நாங்கள் 3,500 ரூபாய்க்கு எடுத்தோம். இதைவிட மலிவாகவும் இருக்கிறது, ஆனால் மலிவானவற்றில் பின் சிவப்பு லைட் இல்லை. அது ஏன் முக்கியம் என்று பிறகு வருகிறேன்.

பெட்டியில் அச்சடித்திருக்கிற எண்களை நம்ப வேண்டாம். வெளிச்சத்தை அளக்கிற லூமன் கணக்கில் ஒரு லட்சம் என்று போட்டிருக்கிறார்கள். காரில் வழமையாகப் பூட்டுகிற எச்4 பல்பின் பெரிய லைட்டே ஏறத்தாழ 1,650 லூமன்தான், அப்படியிருக்க நெற்றியில் கட்டுகிற இந்தச் சின்னச் சாமானிலிருந்து லட்சம் எப்படி வரும்? பற்றரியும் அதே கதைதான். 18650 என்கிற வகை, அதாவது 18 மில்லிமீற்றர் விட்டம், 65 மில்லிமீற்றர் நீளம். மேலே 9,900 என்று எழுதியிருக்கிறது, ஆனால் அந்த அளவுப் பற்றரியில் நல்ல கம்பனிக்காரன் செய்தாலும் 3,500 மில்லி அம்பியர் மணித்தியாலம் சொச்சம்தான் பிடிக்கும். கடைக்காரரிடம் இதைக் கேட்டால் ‘தம்பி, எல்லாம் அப்படித்தான் வருது’ என்பார். அவரையும் குறை சொல்ல முடியாது. நீங்கள் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: ஐம்பது அறுபது மீற்றர் தூரத்தில் வரம்பில் நிற்கிறது மாடா பன்றியா என்று பிரித்துச் சொல்ல முடிகிறதா இல்லையா. இதில் முடிகிறது. அதற்கு அப்பால் ஏதோ நிற்கிறது என்று தெரியும், என்ன என்று தெரியாது. தெரியாத தூரத்தில் நிற்பதற்கு வெடி வைக்கவே கூடாது என்பதால், காவல் வேலைக்கு அந்த அறுபது மீற்றரே போதும்.

இனி நான் சொல்ல வந்த விசயம். எங்கள் பக்கம் துவக்கு வைத்திருக்கிற நிறையப் பேர் டோர்ச்சைக் குழலோடு சேர்த்து டேப் சுற்றி ஒட்டிவிடுகிறார்கள், சைக்கிள் டியூப்பை வெட்டி இறுக்கிக் கட்டுகிறவர்களும் உண்டு. ஒரு கையால் லைட்டும் மறு கையால் துவக்கும் பிடிக்க ஏலாது, தனியாகக் காவலிருக்கிறவன் வேறு என்ன செய்வான் என்று கேட்பார்கள், அது நியாயமான கேள்விதான். ஆனால் அப்படிக் கட்டினபிறகு என்ன நடக்கிறது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சலசலப்புக் கேட்கிறது, என்ன என்று பார்க்க வேண்டும், பார்க்க வேண்டுமென்றால் லைட்டை அந்தப் பக்கம் திருப்ப வேண்டும், லைட்டைத் திருப்பினால் தோட்டா ஏற்றிய குழலும் சேர்ந்தே திரும்புகிறது. அங்கே நிற்பது தண்ணீர் மாற வந்த பக்கத்து வயல்காரராக இருந்தால், நீங்கள் அவரை அடையாளம் காண்கிற அந்த நேரத்தில் உங்கள் துவக்கு அவருடைய நெஞ்சுக்கு நேரே இருக்கிறது. விசையில் விரல் வேறு இருந்துவிட்டால், பதற்றத்தில் அது இறுகக் கண நேரம் போதும்.

உலகம் முழுவதும் துவக்குப் பிடிக்கிறவனுக்கு முதலில் சொல்லிக்கொடுக்கிற நாலு விசயம் இருக்கிறது. எந்தத் துவக்கையும் தோட்டா ஏறியதாகவே நினை. சுட விரும்பாத எதற்கும் நேரே குழலைக் காட்டாதே. குறி பார்த்துச் சுடத் தீர்மானிக்கும்வரை விசையில் விரல் வைக்காதே. இலக்கு எது, அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று நிச்சயமாகத் தெரிந்துகொள். குழலில் லைட்டைக் கட்டினவன் பார்க்கிற ஒவ்வொரு முறையும் இரண்டாவதை மீறித்தான் நாலாவதைச் செய்ய முடியும். லைட் தலைக்குப் போனதும் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடுகிறது. கண் போகிற பக்கம் வெளிச்சம் போகும், துவக்கு மடியிலேயே கிடக்கும். மாமா பலகாலமாகச் சொல்லி வருகிறதும் இதுதான்: ‘முதல்ல என்னெண்டு பாரு மனே, புறகு துவக்கத் தூக்கு.’ கைடோர்ச்சோடு அதற்கு இரண்டு பேர் வேண்டும். இது இருந்தால் ஒருவரே செய்யலாம்.

தலையில் லைட் இருப்பதால் இன்னொரு நன்மையும் கிடைக்கிறது. இரவில் வெளிச்சம் பட்டு மிருகத்தின் கண் மினுங்குவதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மாடு, எருமை, மான், நாய், பூனை எல்லாவற்றுக்கும் கண்ணின் உட்புறத்தில் ஒளியைத் திருப்பி அடிக்கிற படலம் ஒன்று உண்டு. அது வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்புகிறது, ஆகவே லைட் உங்கள் கண்ணுக்கு எவ்வளவு கிட்ட இருக்கிறதோ அவ்வளவு பிரகாசமாக அந்த மினுக்கம் தெரியும். கையை நீட்டிப் பிடிக்கிற டோர்ச்சில் சரியாகத் தெரியாத கண்கள் நெற்றி லைட்டில் பளிச்சென்று தெரிகின்றன. குளக்கட்டில் நடக்கும்போது தண்ணீர் மட்டத்தில் செந்தணலாகத் தெரிகிற முதலைக் கண்ணும் இப்படித்தான் முன்கூட்டியே தட்டுப்படும், அதற்காகவே இதைக் கட்டிக்கொண்டு போகலாம்.

ஆனால் கவனியுங்கள், பன்றிக்கு அந்தப் படலம் இல்லை. பன்றியின் கண் மினுங்கினாலும் மங்கலாகத்தான் மினுங்கும், பல நேரம் ஒன்றுமே தெரியாது. அப்படியென்றால் கண் பளிச்சென்று மினுங்குகிறது என்று பார்த்துச் சுடுகிறவன் யாருடையோ மாட்டைச் சுடுகிறான். சரி, மினுங்காததைச் சுடலாமா? மனிதன் கண்ணிலும் அந்தப் படலம் இல்லை. வரம்போரம் குந்தியிருந்து தண்ணீர் போக வக்கடை வெட்டுகிற மனிதனும், தலையைக் குனிந்து கிழங்கு கிண்டுகிற பன்றியும் டோர்ச் வெளிச்சத்தில் ஒரேமாதிரி கறுப்பாக, கண் மினுங்காமல், அதே உயரத்தில்தான் தெரிவார்கள். எனக்கு இதைவிடப் பயமான விசயம் வயல் காவலில் வேறொன்றும் இல்லை. அதனால் கண்ணை வைத்து முடிவெடுக்கவே வேண்டாம். முழு உடம்பும் தெரிய வேண்டும். நீண்ட மூஞ்சி, முதுகில் சிலிர்த்த மயிர், கட்டையான கால்கள் என்று எல்லாம் தெரிந்தபிறகுதான் அது பன்றி. ஒரு சத்தம் கொடுத்துப் பார்ப்பதில் ஒரு குறையும் இல்லை. ‘ஆரது?’ என்று கேட்டுப் பன்றி ஓடிவிட்டால் காவல் வந்த நோக்கம் நிறைவேறிவிட்டது என்றுதான் அர்த்தம், பயிர் தப்பியது.

இரவில் வயலுக்குள் ஆள் இருக்காது என்று நினைக்கிறவர்கள் இந்தப் பக்கத்து வாழ்க்கை தெரியாதவர்கள். முறைக்குத் தண்ணீர் வருகிற இடங்களில் சாமத்தில்தான் வாய்க்கால் மாற வருவார்கள். குளத்தில் வலை போட்டவர் விடியும் முன்னம் வலை எடுக்கப் போவார். பட்டிக்காரர் மாடு காணாமல் தேடி வருவார், அவரிடம் பல நேரம் லைட்டே இருக்காது, நிலவில் நடந்து பழகினவர். பக்கத்துப் பரண்காரர் வயிற்று உபாதைக்கு இறங்கியிருப்பார். இதனால்தான் பின்பக்கச் சிவப்பு லைட்டை நான் பெரிதாக நினைக்கிறேன். முன் லைட்டை அணைத்துவிட்டுப் பதுங்கியிருக்கும்போதும் இதை மட்டும் எரிய விடலாம், முதுகுப்புறம் இருக்கிற காவல்காரருக்கு இங்கே ஒரு மனிதன் இருக்கிறான் என்று தெரிந்துவிடும். பன்றிக்குச் சிவப்பு வெளிச்சம் சரியாகப் பிடிபடுவதில்லை, ஆகவே அது கலைந்து ஓடுமே என்றும் கவலைப்பட வேண்டியதில்லை. எங்கள் வட்டையில் இப்போது நாலைந்து பரணில் இந்த லைட்டே இருக்கிறது, இருட்டிய பிறகு எந்தச் சிவப்புப் புள்ளி யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும், ஒரு புள்ளி இடம் மாறினால் போன் எடுத்துக் கேட்டுக்கொள்கிறோம். வட்டையின் வேலைகளைக் கவனிக்கிற வட்டைவிதானை கூட்டம் வைக்கிறபோது எந்தப் பக்கம் வெடி வைக்கவே கூடாது என்பதையும் சேர்த்துப் பேசி முடிவெடுத்துவிட்டால் நல்லது என்று நினைக்கிறேன்.

இந்த லைட் காட்டாத விசயம் ஒன்று இருக்கிறது, அதை வாங்குகிற ஒவ்வொருவரும் மனதில் வைத்திருக்க வேண்டும். குவித்த ஒளி இலக்கை மட்டும்தான் காட்டும். அதன் பின்னால் முழு இருட்டு. வெளிச்சம் முடிகிற இடத்தில் உலகம் முடிந்துவிடுகிற மாதிரி கண் ஏமாற்றும், ஆனால் குண்டு அங்கே நிற்காது. 12 போர் துவக்கில் பன்றிக்குப் போடுகிற எஸ்.ஜி. தோட்டாவில் எட்டு மில்லிமீற்றருக்குச் சற்றுக் கூடுதலான ஈயக் குண்டுகள், வழமையாக 9, இருக்கும். முப்பது நாற்பது மீற்றருக்குள்தான் அவை சேர்ந்து போய்ப் பன்றியை விழுத்தும், அதற்குப் பிறகு விரிந்து சிதறிவிடும். சிதறினாலும் தனித்தனிக் குண்டுகள் அரைக் கிலோமீற்றர் தாண்டியும் போகக்கூடியவை. லைட் அறுபது மீற்றர் காட்டுகிறது, குண்டு அதைப்போலப் பத்து மடங்கு தூரம் போகிறது. மிச்சத் தூரத்தில் யார் இருக்கிறார் என்று எந்த டோர்ச்சும் சொல்லாது, பகல் வெளிச்சத்தில் நடந்து பார்த்த உங்கள் நினைவுதான் சொல்ல வேண்டும்.

எங்கள் நிலம் வேறு தட்டை நிலம். மலைநாட்டில் என்றால் ஒரு சரிவாவது குண்டைத் தடுக்கும், இங்கே வரம்பைத் தவிர ஒன்றும் இல்லை. போதாக்குறைக்கு வயல் நிறையத் தண்ணீர். தண்ணீரில் தாழ்வாகப் படுகிற குண்டு உள்ளே போகாமல் தெறித்து எழும்பித் தன்பாட்டில் வேறு திசையில் போகும், காய்ந்து இறுகின கட்டாந்தரையிலும் அப்படித்தான். ஆகவே தரையில் நின்று நேர்மட்டமாக வெடி வைப்பதை மாமா விடவே மாட்டார். பரணில் இருந்து, கிட்ட வந்ததற்கு மட்டும், சரிவாகக் கீழ்நோக்கி. அப்போது பின்னால் இருக்கிற சேறுதான் குண்டை வாங்கிக்கொள்கிற மதில். பரண் என்பது யானைக்குப் பயந்து கட்டுவது என்றுதான் பலர் நினைக்கிறார்கள், துவக்குக்காரனுக்கு அதன் பெரிய பயன் இந்தச் சரிவுதான். வானத்துக்கு எதிரே, வரம்பின் முகட்டில் தெரிகிற எதற்கும் வெடி இல்லை. மறுபக்கம் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

இனிக் குறைகளைச் சொல்கிறேன், இருக்கின்றன. பெரிய குறை சுவிட்ச். ஒரே பொத்தான், அமர்த்த அமர்த்த முதலில் முழு வெள்ளை, பிறகு அரை வெள்ளை, பிறகு மின்னி மின்னி எரிகிறது, கடைசியாகத்தான் சிவப்பு. இருட்டில் கண்ணைப் பழக்கி வைத்திருக்கிற நேரத்தில் சிவப்பு வேண்டுமென்றால் முழு வெள்ளையைத் தாண்டித்தான் போக வேண்டும், அது பரண் கூரையில் பட்டுக் கண்ணைக் கூசச் செய்து பத்து நிமிடத்துக்கு ஒன்றும் தெரியாமல் பண்ணிவிடும், பன்றியும் போய்விடும். நான் இப்போது பொத்தானை அமர்த்தும்போது வில்லையை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு எண்ணி அமர்த்துகிறேன். சிவப்புக்குத் தனிப் பொத்தான் உள்ள மாதிரி கிடைத்தால் ஐந்நூறு ரூபாய் கூடக் கொடுத்தாவது அதை எடுங்கள். மின்னி மின்னி எரிகிறது என்றேனே, அது காவலுக்கு ஆபத்து. அந்த வெளிச்சத்தில் நிற்கிற செடிகூட அசைவது போலத் தெரியும், அதில் எதையும் அடையாளம் காண முயலாதீர்கள்.

அப்புறம் பூச்சி. லைட் நெற்றியில் இருப்பதால் வயல் பூச்சி எல்லாம் நேரே முகத்துக்கு வரும், வாயைத் திறக்க ஏலாது. மார்கழி, தைப் பனியில் வெளிச்சம் பனியிலேயே பட்டுத் திரும்பி வெள்ளைத் திரை விழுந்தமாதிரி ஆகிவிடும், அந்த நேரம் கையில் தாழ்வாகப் பிடிக்கிற பழைய டோர்ச்தான் மேல். அப்படியான இரவில் மாமா துவக்கைத் திறந்து தோட்டாவை எடுத்துவிட்டுத் தகரம் தட்டச் சொல்லிவிடுவார். துவக்கைத் தோளில் வைத்தால் நெற்றி வெளிச்சம் குழல்மேல் பட்டு மினுங்குகிறது, குறி தெரிவதில்லை. லைட்டைக் கொஞ்சம் மேலே நிமிர்த்திவிட்டால் அது குறையும். இலாஸ்டிக் பட்டி வியர்வையில் இளகிக் கண்ணுக்கு இறங்குகிறது, ஒரு சாரன் துண்டை மடித்து உள்ளே வைத்துத் தைத்துவிட்டோம். தூறலைத் தாங்கும், வாடைக்காற்று மழையைத் தாங்காது, பற்றரிப் பெட்டி மூடியில் றப்பர் வளையம் சரியாக இருக்கிறதா என்று கடையிலேயே திறந்து பாருங்கள்.

நல்ல லைட் கையில் இருந்தால் சிலருக்கு வயலைத் தாண்டிக் காட்டுக்குள் போய்ப் பார்க்கலாமே என்று தோன்றும். தயவு செய்து வேண்டாம். மானும் மரையும் பாதுகாக்கப்பட்ட விலங்குகள், 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தில் வருகிறவை, லகுகல மாதிரியான தேசிய வனங்களுக்குள் எந்த வேட்டையும் இல்லை. துவக்கு அனுமதிப்பத்திரம் பயிரைக் காப்பதற்காகக் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், தருவது, வருடாவருடம் புதுப்பிக்க வேண்டியது, 1916 ஆம் ஆண்டுச் சுடுகலன் கட்டளைச் சட்டம் இன்றைக்கும் அதன் அடிப்படை. பத்திரம் யார் பேரில் இருக்கிறதோ அவர்தான் துவக்கைத் தொடலாம், அதனால்தான் இத்தனை வருடத்தில் நான் லைட்டோடு நிற்கிறேன். கம்பியில் கால் பட்டால் தானாக வெடிக்கிறமாதிரிக் கட்டிவைக்கிற கட்டுத்துவக்கைப் பற்றி ஒரு வார்த்தை: அதற்குக் கண் இல்லை, கம்பியில் கால் பட்டது பன்றியா பிள்ளையா என்று அது பார்க்காது. சட்டவிரோதம் என்பது ஒருபுறம், அதைக் கட்டினவர் எங்கள் வட்டைக்குள் காலே வைக்கக்கூடாது என்பது எங்கள் எல்லோருடைய நிலைப்பாடு. யானை வந்தால் துவக்கை எடுக்கிற பேச்சே இல்லை. இறங்காமல் பரணிலேயே இருங்கள், பக்கத்தில் இருக்கிறவர்களுக்குப் போன் பண்ணுங்கள், வனஜீவராசிகள் திணைக்களம் தருகிற யானைவெடி இருந்தால் அதைப் பாவியுங்கள்.

இரண்டு கையும் சும்மா கிடைப்பதில் இன்னொரு வசதி, பரணில் ஏறும்போது துவக்கைத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டியதில்லை. நடுவில் முறித்துத் திறந்து, தோட்டா இல்லை என்று இந்த லைட்டிலேயே குழலுக்குள்ளே பார்த்து, துவக்கின் அடிப்பக்கமான பிடங்கில் கயிற்றைக் கட்டிக் கீழே சாய்த்துவிட்டு, கயிற்றின் மறுமுனையோடு ஏறி, பிறகு மேலே இழுத்துக்கொள்ளலாம். வரம்பில் வழுக்கி விழுந்தால் குழல் வாயில் சேறு அடைத்திருக்கும், அதோடு சுட்டால் குழலே வெடிக்கும், அப்போதும் குழலைத் திறந்து உள்ளே வெளிச்சம் விட்டுப் பார்க்க இந்த லைட் உதவுகிறது. குடித்துவிட்டுப் பரணுக்கு வருகிறவருக்கு லைட்டும் வேண்டாம், துவக்கும் வேண்டாம், வீட்டில் படுக்கச் சொல்லுங்கள்.

வாங்கப் போகிறவர்கள் கடையில் மூன்று வேலை செய்யுங்கள். வெளிச்சம் குறைந்த ஒரு மூலைக்குக் கொண்டுபோய்க் குவித்தும் விரித்தும் பாருங்கள், நடுவில் கறுப்பு வளையம் விழுந்தால் வேறொன்று கேளுங்கள். பின் சிவப்பு லைட் முன் லைட் அணைந்திருக்கும்போது தனியாக எரிகிறதா என்று பாருங்கள், சிலதில் இரண்டும் சேர்ந்துதான் எரியும், அது நமக்கு உதவாது. பற்றரி கழற்றி மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும். கூட வருகிற பற்றரி முழு வெளிச்சத்தில் சாமம் தாண்டுவதில்லை, ஆகவே நல்ல 18650 ஒன்றைத் தனியாக வாங்கிப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், தோட்டா இருக்கிற பையில் வேண்டாம். தோட்டாவின் பித்தளை அடி பற்றரியின் முனைகளில் பட்டால் சோர்ட் ஆகிச் சூடேறும்.